குல்மார்க் மாமா

ஸ்ரீரங்கத்தில் மாசித் தெப்பத்துக்கும் பங்குனி உத்திரச் சேர்த்திக்கும் நடுவே சில வாரங்கள் கிடைக்கும். தெப்பம் சேவித்தாயிற்று. சேர்த்திக்கு இன்னும் நாள் இருக்கிறது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பேரன் பேத்திகளுக்குப் பரீட்சை என்பதால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் யாரும் கூப்பிடுவதில்லை. உத்திர வீதி, சித்திரை வீதிகளில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆண்கள் ஊரைவிட்டுக் கிளம்ப இதைவிடத் தோதான சமயம் வருஷத்தில் கிடையாது. முன்பெல்லாம் இந்த நாட்களில் நவதிருப்பதி போவார்கள். முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் அகோபிலம் போவார்கள். இப்போது குல்மார்க் போகிறார்கள்.

போய்விட்டுத் திரும்பி வந்தவர்தான் குல்மார்க் மாமா. ஒரு வீதிக்கு ஒருவராவது தேறுவார்.

இவர் பெரும்பாலும் ‘பெல்’லில் வேலை பார்த்து ரிடையர் ஆனவராக இருப்பார். 1965-இல் திருவெறும்பூர் பக்கம் வந்த அந்த பாய்லர் தொழிற்சாலையில் ஆயுளில் பாதியை நீராவியோடு கழித்தவர். மார்கழி வந்தால் திருச்சியின் விடியற்காலை இருபது டிகிரிக்கே பயந்து மங்கி கேப், மஃப்ளர், காதில் பஞ்சு என்று மூன்றடுக்குப் பாதுகாப்போடு பரமபத வாசலுக்கு நிற்பவரும் இவரேதான். அப்படிப்பட்டவர் சொந்தப் பணம் கட்டி மைனஸ் ஐந்து டிகிரியில் போய் நின்றது எப்படி என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. சமையல்காரரையும் கூடவே அழைத்துப் போகிற டூர்க்காரர், காலையில் பொங்கல் உண்டு என்று சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

“சீசன் கடைசியிலதான் ஓய் போகணும். ஜனவரியில போறவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்பார். சொல்வது வெறும் ஜம்பம் இல்லை. 2025-இல் குல்மார்க்கில் பிப்ரவரி 22 அன்று தொடங்கியிருக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைப் பனி போதவில்லை என்று தள்ளிவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ எப்போது வருகிறதோ அப்போதுதான் காஷ்மீருக்குப் பனி. அது தை, மாசி என்று பார்ப்பதில்லை. இத்தனை காலம் பேப்பரை விரித்ததும் மேட்டூர் நீர்மட்டம் 120 அடிக்கு எவ்வளவு குறைவு என்று மட்டும் பார்த்துவந்த மாமா, இப்போது போனில் குல்மார்க்கின் அஃபர்வாத் மலையில் பனி எத்தனை சென்டிமீட்டர் என்றும் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது காப்பியைக் கேட்கிறார். மேட்டூர் நிறைந்தால் காவிரியில் தண்ணீர் வரும். அஃபர்வாத் நிறைந்தால் இவருக்கு என்ன வரும் என்பது மாமிக்கு விளங்கவில்லை.

மாமாவின் கதையில் முக்கியமான கட்டம் கோண்டோலா. பிரான்சின் போமா நிறுவனம் அமைத்த கம்பிவட ஊர்தி அது. முதல் கட்டம் 1998-இலும் இரண்டாம் கட்டம் 2005-இலும் ஓட ஆரம்பித்தன. கேபினுக்கு ஆறு பேர். கூட்டத்தில் மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, மாமா வடத்தின் தடிமனையும், கேபின் அதைக் கவ்விப் பிடிக்கிற விதத்தையும், கரண்டு போனால் ஓட்டுவதற்கு டீசல் எஞ்சின் இருக்கிறதா என்பதையும் விசாரித்தார். தென்னூர் இந்தி பிரசார சபாவில் ‘மத்யமா’வரை தேறிய இந்தி அது. ஆபரேட்டர் பதில் சொன்ன இந்தி அதற்கு மேற்பட்ட பரீட்சைக்கானது.

திரும்பி வந்ததும் உயரத்தை விளக்கியாக வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்றால் திருச்சியில் யாருக்கும் ஏறாது. ஆகவே மாமா அளவுகோலை மாற்றிக்கொண்டார். மலைக்கோட்டை 83 மீட்டர். குல்மார்க் புல்வெளி ஏறத்தாழ 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலாவின் உச்சி நிலையம் 3,950 மீட்டரை ஒட்டி. வித்தியாசத்தை வகுத்தால் பதினைந்து மலைக்கோட்டைக்கு மேலேயே வருகிறது. “நடுவுல கொங்தூரின்னு ஒரு ஸ்டேஷன். அதைத் தாயுமானவர் சந்நிதின்னு வெச்சுக்கோ. மேலே போனா உச்சிப் பிள்ளையார். படிதான் கிடையாது.” போகிற வழியில் கட்ரா ரயிலில் கடந்த செனாப் பாலமும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. 359 மீட்டர், நாலேகால் மலைக்கோட்டை.

பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குள் இருக்கும் பாய்லர் எஞ்சினியர் விழித்துக்கொள்கிறார். புதிதாக விழுந்த வறண்ட பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அதைத்தான் சறுக்குகிறவர்கள் பவுடர் என்று கொண்டாடுகிறார்கள். மார்ச் மாதத்தில் அதற்கு ஆயுள் குறைவு. ராத்திரி விழுந்தது, காலை வெயில் பட்டதும் ஈரமாகிக் கனத்துவிடும். மறுபடி ராத்திரி உறைந்து பொருக்குத் தட்டும். வடக்கு பார்த்த, நிழல் விழும் சரிவுகளில்தான் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆகவே சீசன் கடைசியில் பவுடர் வேண்டுமென்றால் முதல் கேபினைப் பிடித்தாக வேண்டும். அகலமான சறுக்குப் பலகைகளோடு உலகம் சுற்றுகிற வெள்ளைக்கார இளைஞர்கள் கொட்டாவி விட்டபடி கியூவுக்கு வந்தபோது, அங்கே அவர்களுக்கு முன்னால் ஒரு மங்கி கேப் நின்றுகொண்டிருந்தது. விஸ்வரூப தரிசனத்துக்காகப் பல வருஷமாக இருட்டில் எழுந்து பழகியவரை யாரால் முந்த முடியும்?

முந்தி நின்றதெல்லாம் வேடிக்கை பார்க்கத்தான். பனி வெறும் வேடிக்கையும் அல்ல என்பதை மாமா மறைப்பதில்லை. இந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். 2010 பிப்ரவரியில் குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாத் சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். கோண்டோலாவை ஒட்டிய சரிவைக் காவல் குழு சோதித்துத் திறந்துவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிப் போகிறவர் தன் பொறுப்பில் போகிறார். கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் காலை வைக்காதே என்பது மாமா மதித்து நடந்த ஒரே அறிவுரை.

மற்ற அறிவுரைகள் கீழே, புல்வெளியை ஒட்டிய குழந்தைகள் சரிவில், சறுக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பையனிடமிருந்து கிடைத்தன. சறுக்குப் பலகைகளின் நுனிகள் நெருங்கி, குதிகால்கள் விலகி நிற்க வேண்டும், அதுதான் பிரேக். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். எடை எப்போதும் முன்பக்கம். வேகம் வந்தால் மனசு பின்னால் சாயச் சொல்லும். சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்காது. மாமாவோ ரிடையர் ஆன நாளிலிருந்து சாய்வு நாற்காலியில் இருப்பவர். “அங்கிள், ஆகே! ஆகே!” என்று அந்தப் பையன் கத்தக் கத்த, அங்கிள் பின்னால் சாய்ந்துகொண்டே போய், சரிவின் ஓரத்தில் ராத்திரி விழுந்து யாரும் மிதிக்காத பனியில் உட்கார்ந்தார்.

பவுடரின் இன்னொரு குணம் அப்போதுதான் தெரிந்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றினால் கை தோள்வரை உள்ளே போகிறது. ஊன்றுகோல்கள் இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் பனிமேல் போட்டு, அவை சேருமிடத்தில் கையை வைத்து எழ வேண்டுமாம். எழுந்தார். இரண்டு பேர் தூக்கினார்கள் என்பது மாமியின் தரப்பு.

மாமியை யாரும் சறுக்கக் கூப்பிடவில்லை. மருமகள் வாங்கிக் கொடுத்த டிராக் பேண்ட், அதற்கு மேல் தூக்கிச் செருகிய புடவை, அதற்கும் மேல் போகிற வழியில் தங்மார்க்கில் வாடகைக்கு எடுத்த ஓவர்கோட்டு சகிதம் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். கட்டிய பணம் வீணாகிறதே என்று மாமாவின் மிச்ச நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். முழங்காலை மடக்கி முன்னால் குனியச் சொன்னார்கள். ஐம்பது வருஷமாக விடிந்ததும் விடியாததுமாக வாசலில் அதே நிலையில் கோலம் போட்டுவந்தவள். தனியாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. நேராகப் போனாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். பையன் கை தட்டினான். மாமா அந்த நேரத்தில் கஹ்வா குடித்துவிட்டு, இது காப்பி இல்லை என்று கடைக்காரரிடம் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் செய்தி மாமாவின் சொற்பொழிவில் வராது. சாயங்காலம் அம்மாமண்டபம் படித்துறையில் வேறு சங்கதிகள் நிறைய உண்டு. ஆங்கிலேயர் காலத்திலேயே, 1927-இல், குல்மார்க்கில் சறுக்கு கிளப் இருந்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்ட ஒரே ஆள் ஆரிஃப் கான், அவரும் தங்மார்க் பக்கத்துக்காரர், ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-வதாக வந்தார். “நம்மூர்ப் பசங்களும் சளைச்சவா இல்லை ஓய், 2025 ஜனவரியில லடாக்ல ஐஸ் ஸ்கேட்டிங்ல தமிழ்நாடு தங்கம் வாங்கித்து” என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

படித்துறையில் அவருக்கு ஒரே ஒரு எதிரி: கொலராடோ மாமா. டென்வரில் பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்து திரும்பியவர். அரபாஹோ பேசின் என்ற இடத்தில் ஜூன் வரைக்கும் சறுக்குவார்கள், மார்ச் எல்லாம் ஒரு கடைசியா என்று ஒரே போடாகப் போட்டார். குல்மார்க் மாமா இரண்டு நாள் படித்துறைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் போனும் கையுமாக வந்து, அரபாஹோ பேசினின் சிகரமே 3,978 மீட்டர்தான், நம் கோண்டோலா கொண்டுபோய் இறக்குகிற இடமே கிட்டத்தட்ட அந்த உயரம், ஊர்தியில் உட்கார்ந்தபடியே அங்கே போய்விடலாம் என்று அறிவித்தார். கொலராடோ மாமா, தான் லாட்ஜின் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஃபிளாஸ்க்கில் ரசத்தோடு உட்கார்ந்திருந்ததைச் சொல்ல நேரும் என்பதால் விவாதத்தை வளர்க்கவில்லை.

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் மாமியிடம் கேட்டாள், “நீங்களும் சறுக்கினேளா மாமி?”

“கீழே கொஞ்சம். நன்னா இருந்தது. அடுத்த தடவை மேல்வரைக்கும் போய்ப் பார்க்கணும்.”

மாமாவுக்கு முழங்கால் வலி என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமி பேத்தியைக் கூப்பிட்டு, கோண்டோலா இரண்டாம் கட்டத்துக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுப்பது எப்படி என்று தெரிந்துகொண்டாள். கேபினுக்கு ஆறு பேர் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீதியிலிருந்து ஐந்து மாமிகளைச் சேர்த்துவிட்டாள்.