மொட்டைக் கடுதாசியும் மூன்றாம் எண் சட்டையும்: ஒரு முன்னாய்வு

அணியை விட்டுப் போன குவாட்டர்பேக்கை, அதாவது அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரைப் பற்றிப் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் குறை கூறுகிறார். அதை நம்புவதா, வேண்டாமா என்று ரசிகர் எப்படி முடிவு செய்கிறார்? வீரர் ஊரைக் காலி செய்த தேதியைப் பார்த்துத்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வுக்களம்: அமெரிக்காவின் சியாட்டில். ஆய்வுப்பொருள்: அவ்வூர் சீஹாக்ஸ் அணிக்கு 3ஆம் எண் சட்டையில் பத்துப் பருவங்கள் ஆடிவிட்டு, 2022 மார்ச்சில் டென்வர் அணிக்குக் கைமாற்றப்பட்ட குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன்.

களத்தைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் ரசிகர்களே பன்னிரண்டாமவர் என்று சொல்லி, 1984இல் 12ஆம் எண்ணை எந்த வீரருக்கும் இனித் தருவதில்லை என ஒதுக்கி வைத்த அணி இது. ஆக, எண் மட்டுமே உள்ள ஒரு பெருங்கூட்டம், பெயரில்லாதவன் பேச்சு சபையேறுமா என்று விவாதிக்கிறது. இதில் யாருக்கும் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

பெயரற்ற விமர்சகரை வெறும் வம்பர் என்று ஒதுக்கவும் முடியாது. மைக் சாண்டோ என்ற செய்தியாளர் ஆண்டுதோறும் 50 பயிற்சியாளர்களிடமும் நிர்வாகிகளிடமும் கருத்துக் கேட்டு, யார் என்ன சொன்னார் என்பதை மறைத்துக் குவாட்டர்பேக்குகளைத் தரம் பிரிக்கிறார். மொட்டைக் கடுதாசி அங்கே ஓர் ஆண்டு விழா. நம் அகப்பாடல்களில் அலர் தூற்றும் ஊராருக்கும் பெயர் கிடையாது. ஆனால் அவர்கள் யாரையும் முதல்தரம், இரண்டாம்தரம் என்று அட்டவணை போட்டதில்லை.

இனி முதன்மைச் சான்று. சியாட்டிலில் ஆடிய காலத்தில், லீக் ஆட்டங்களில் மட்டும் வில்சன் 427 முறை கையில் பந்தோடு கவிழ்க்கப்பட்டார். அவர் ஊரில் இருந்தவரை இதற்கு விளக்கம் ஒன்றே: முன்னால் நின்று காக்க வேண்டிய தடியர்கள் சரியில்லை, பாவம் பிள்ளை. போன பிறகும் விளக்கம் ஒன்றே: எறிய வேண்டிய நேரத்தில் எறியாமல் பந்தைக் கட்டிக்கொண்டு நிற்பார். எண்ணிக்கையில் ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. களத்தின் நடுப்பகுதிக்கு எறியத் தயங்குகிறார் என்று பெயரற்றோர் சொன்னபோது முன்பு சீறியவர்கள், பின்பு ‘இதைத்தான் நான் அன்றே சொன்னேன்’ என்றார்கள். அன்று யாரிடம் சொன்னார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. 2020இல் ‘ரஸ் சமைக்கட்டும்’, அதாவது வில்சன் இஷ்டப்படி எறியட்டும் என்று முழங்கி, பயிற்சியாளர் பீட் கேரலை ஒதுங்கி நிற்கச் சொன்னதும் இதே சபைதான்.

எதிர்த்தரப்பும் உண்டு. 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று வென்று அணிக்கு முதல் சூப்பர் பௌல் சாம்பியன் பட்டத்தைத் தேடித் தந்தவனை, முகம் காட்டத் துணிவில்லாதவன் பேசலாமா என்பது அவர்கள் கேள்வி. ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். டென்வரோ புகையைத் தாராளமாக அனுப்பியது. அங்கே பயிற்சி வளாகத்தில் அவருக்குத் தனி அலுவலகம் என்று செய்தி வந்தது. லண்டன் விமானத்தில் சக வீரர்கள் உறங்க, இருக்கை வரிசைகளுக்கு நடுவே முழங்காலை உயர்த்தி உயர்த்திப் பயிற்சி செய்தேன் என்று அவரே பெருமையாகச் சொன்னார். இப்படிப்பட்டவருக்குப் பெயரற்ற எதிரி ஒருவர் தேவையா என்று நடுநிலையாளர்கள் குழம்பினார்கள்.

ஆய்வுநெறி சார்ந்த ஓர் ஆட்சேபத்தையும் பதிவு செய்தாக வேண்டும். கைமாற்ற ஒப்பந்தப்படி, புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது டென்வருக்குரிய 2023 முதல்சுற்றுத் தேர்வு சியாட்டிலுக்குச் சொந்தமாக இருந்தது. டென்வர் தோற்கத் தோற்க, வரிசையில் அந்தத் தேர்வின் இடம் மேலே வரும். வில்சன் சொதப்புகிறார் என்று எவரோ சொன்னால் அதை நம்புவதில் ரசிகருக்கு ஆதாயம் இருந்தது. அந்தப் பருவத்தில் டென்வர் 5 வெற்றி, 12 தோல்வி. சியாட்டிலுக்கு வரிசையில் ஐந்தாவது இடம் கிடைத்தது, அதில் டெவன் விதர்ஸ்பூன் என்ற புதிய வீரர் வந்தார். நீதிபதிக்கே வழக்கில் பங்கு இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

உச்சக்கட்டம் 2023 பிப்ரவரி. சியாட்டிலில் இருந்தபோது கேரலையும் பொது மேலாளர் ஜான் ஷ்னைடரையும் நீக்கச் சொல்லி வில்சன் உரிமையாளரிடம் கேட்டார் என்று பெயர் வெளியிடாதவர்களை ஆதாரம் காட்டிச் செய்தி வந்தது. வில்சன் தம் பெயரிலேயே மறுத்தார். பெயருள்ள மறுப்பு ஒரு தட்டில், பெயரற்ற தகவல் மறுதட்டில். எனக்குத் தெரிந்து தராசு பெயரற்ற பக்கமே சாய்ந்தது. ஐந்து மாதம் முன்பு, வில்சன் ஆடிய டென்வரைச் சியாட்டில் தன் ஊரில் 17-16 என்று வென்ற ஆட்டத்தில், மைதானமே அவரைப் பார்த்து ஊளையிட்டிருந்தது. ஊளையிட்டவர்களிடமும் யாரும் பெயர் கேட்கவில்லை.

வில்சனின் இடத்துக்கு வந்து அந்த ஆட்டத்தை வென்று தந்த குவாட்டர்பேக் ஜீனோ ஸ்மித்தை வைத்தே, வில்சன் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று வெகுகாலம் வாதிட்டார்கள். 2025 மார்ச்சில் அவரும் லாஸ் வேகஸுக்குக் கைமாற்றப்பட்டார். இரண்டாம் பாகத்துக்கான சான்றுகள் சேகரிக்கப்பட்டு வருகின்றன. தகவல் தருவோர் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை.