ஒரு பாட்டும் முடிக்காமல் இசைத் தயாரிப்பில் கரைகாண்பது எப்படி?

லேப்டாப்பில் இசை செய்யக் கற்றுக்கொள்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் ஆபத்தான காலம். அந்த நேரத்தில் அவர்கள் பாட்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஈக்யூ என்றால் என்ன, கம்ப்ரஸர் எதற்கு என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரே ராத்திரியில் ஒரு பாட்டு முடிந்து, விடிவதற்குள் நண்பர்களின் வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கும். நல்லவேளையாக இது தீராத வியாதி இல்லை. முறையாகக் கற்றுக்கொண்டால் இரண்டு வருடத்தில் அடியோடு குணமாகிவிடும். வழியைச் சொல்கிறேன் தம்பி, கவனமாகக் கேள்.

முதலில் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கு. எஃப்எல் ஸ்டுடியோவின் இலவச டிரையலில் ஒரு பெரிய குறை உண்டு. பாட்டை எக்ஸ்போர்ட் செய்யலாம், புராஜெக்டை சேவ்கூடச் செய்யலாம். ஆனால் சேவ் செய்ததைப் பணம் கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது. விளைவு என்ன? உட்கார்ந்த வாக்கிலேயே முடித்தாக வேண்டும். மூடினால் போச்சு என்ற பயத்தில் பையன்கள் இரண்டாவது சரணத்துக்கு எதையாவது போட்டு நிரப்பி, முடிவுக்கு ஒரு வழி கண்டுபிடித்து, அரைத் தூக்கத்தில் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அந்த 'எதையாவது'தான் பல சமயம் பாட்டிலேயே நன்றாக இருந்து தொலைக்கிறது. முழுப் பதிப்பில் இந்தத் தொல்லை கிடையாது. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்கிற வசதி அதில் சேர்ந்தே வருகிறது.

அடுத்தது கிக், அதாவது டிரம்ஸில் 'தும்' என்று விழும் அடி. 'சரியான கிக் கிடைத்தால் பாதி மிக்ஸ் முடிந்த மாதிரி' என்று யூடியூப் வாத்தியார்கள் சொல்வார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள். சாயங்காலம் ஆறு மணிக்கு மனதில் ஒரு மெட்டு வருகிறது என்று வைத்துக்கொள். உடனே அதைக் கீபோர்டில் வாசித்துவிடாதே, போனில் முனகிக்கூடப் பதிவு செய்யாதே. கிக் ஃபோல்டரைத் திற. ஒவ்வொன்றாகத் தட்டிக் கேள். மூன்றாவதே சரியாக இருந்த மாதிரித்தான் இருக்கும், அதற்காக நின்றுவிடக் கூடாது. நாற்பதாவது கிக்கில் காது மரத்துப்போகும். அப்போது மூன்றாவதைத் தேடித் திரும்பி வந்தால் அதுவும் சுமாராகக் கேட்கும். இனி ஒரு கிக் போதாது என்று புரியும். அடிக்கு ஒன்று, மேலே 'டிக்' என்று கேட்பதற்கு ஒன்று என இரண்டை அடுக்கு. அடுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும், பேஸ் காணாமல் போகும். ஃபேஸைத் திருப்பிப் பார். பிறகு கிக்கைப் பாட்டின் சுருதிக்கு டியூன் செய்ய வேண்டும். பாட்டின் சுருதி என்ன? பாட்டு எங்கே இருக்கிறது, சுருதி சொல்ல? ஒன்பதரைக்கு அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். அதற்குள் அந்த மெட்டு போன இடம் தெரியாது. கிக் மட்டும் அருமையாக இருக்கும்.

இதற்குள் உனக்கு ஒரு புதுக் காது முளைத்திருக்கும். 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி குழம்பிக் கிடப்பதை அது கண்டுபிடிக்கும். ஒரு முறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. டீக்கடை, மினி பஸ், கல்யாண மண்டபம், எங்கே போனாலும் 300 ஹெர்ட்ஸ்தான். கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு போட்டால் ஊரே பாட்டைக் கேட்கும். நீ ஒருவன் மட்டும் அந்த ஸ்பீக்கரில் பேஸ் இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு நிற்பாய். இந்தக் காது மிக்ஸ் செய்யும்போது உண்மையிலேயே பெரிய சொத்து, அதை மறுக்க முடியாது. ஆகவே அதை மிக்ஸோடு நிறுத்திவிடாதே. மெட்டு போடும்போதே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். முதல் நான்கு சுரம் விழுந்தவுடன் 'இதில் அடிச்சத்தம் அதிகம்' என்று அது சொல்லும், ஐந்தாவது சுரத்தைப் போடுவதற்குள் நீ ஈக்யூவைத் திறந்திருப்பாய். சில விவரமானவர்கள் ஒரு நாள் முழுக்க வாய்க்கு வந்ததைச் செய்துவிட்டு, சரிசெய்வதை வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்கிறார்கள். அவர்களோடு சகவாசம் வைக்காதே, பாட்டு முடிந்துவிடும்.

குரல் பதிவிலும் இதே ஒழுங்கு வேண்டும். ஆரம்பத்தில் ஃபேன் ஓட ஓடப் பாடியிருப்பாய். கரண்ட் போய் யூபிஎஸ் 'பீப்' என்று கத்தியது மைக்கில் விழுந்திருக்கும், அதையும் அப்படியே விட்டிருப்பாய். கேட்டவர்கள் எல்லாம் 'அந்த பீப் செமடா' என்றிருப்பார்கள். இப்போது ஃபேனை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, போர்வையைப் போர்த்திக்கொள். மே மாதத்து மத்தியானம் வியர்வை சொட்டச் சொட்ட ஒரு காதல் பாட்டைப் பதினெட்டு டேக் பாடு. சுத்தமான பதிவு கிடைக்கும். பிறகு பிட்ச் கரெக்‌ஷனை இறுக்கி வை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொண்டை வழுக்கிக்கொண்டு போன கமகத்தை எல்லாம் அது படிக்கட்டாக வெட்டிக் கொடுக்கும். தாளத்துக்கு குவாண்டைஸ், அதாவது ஒவ்வொரு அடியையும் கிரிட் என்ற கட்டத்தில் பிசகாமல் உட்கார வைக்கும் வசதி. எம்பிசி 3000 கருவியில் அந்த வசதியை அணைத்துவிட்டு, விரல் விழுந்த இடத்திலேயே தாளத்தை விட்டதற்குப் பேர்போன ஜே டில்லா என்ற அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவருடைய அந்தப் பெட்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உன் பெட்டியை எந்த அருங்காட்சியகத்திலும் வைக்கப்போவதில்லை. கிரிட்டிலேயே இரு.

வரலாறு படிக்காதே. அதில் கெட்ட உதாரணங்கள் அதிகம். ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்று ஒரு சின்ன வெள்ளிப் பெட்டி போட்டது. தனியாக கிட்டார் பழகுகிறவர்களுக்குப் பேஸ் துணை வாசிப்பதற்காகச் செய்தது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை, விற்பனையும் படுத்துவிட்டது. அது பழைய சாமான் விலைக்கு வந்த பிறகு ஷிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த பையன்கள் கையில் ஒன்று கிடைத்தது. எப்படி இயக்குவது என்ற கையேடு இல்லை. பெட்டி எதையோ கிறுக்குத்தனமாக வாசித்துக்கொண்டிருக்க, ஒருவர் சும்மா குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார். 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று அது வெளிவந்து, ஆசிட் ஹவுஸ் என்று ஓர் இசைவகையே கிளம்பிவிட்டது. கையேடு கிடைத்திருந்தால் ஒழுங்காக ஒரு பேஸ் லைன் வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதைவிட மோசம் பம்பாய் சங்கதி. சரண்ஜித் சிங் இந்திப் பட ஸ்டுடியோக்களில் பல வருடம் வாசித்த கைதேர்ந்த கலைஞர். தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1982இல் அதே 303, ஒரு டிஆர்-808 டிரம் மெஷின், ஒரு ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். ஷிகாகோ பையன்களுக்கு ஐந்து வருடம் முந்தி. அப்போது யாரும் சட்டை செய்யவில்லை, 2010இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தேர்ச்சி பெற்றவன்கூடப் பழக்கமில்லாத பெட்டியைத் தொட்டால் மறுபடி கற்றுக்குட்டி ஆகிவிடும் அபாயம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் யாராவது உடுக்கையோ மவுத் ஆர்கனோ வைத்திருந்தால் கை நீட்டிவிடாதே.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் விஷயம் உனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. நியூ ஜெர்சியில் தன் வீட்டு அறையில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் சும்மா மாதிரிக்குப் பாடிவைத்தார். உறைகூட இல்லாமல் அந்தக் கேசட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு முழு வாத்தியக் குழுவோடு ஸ்டுடியோவில் முறையாகச் செய்து பார்த்தார்கள், உயிர் வரவில்லை. கடைசியில் பாக்கெட்டில் கிடந்த கேசட்டே 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. 2007இல் வந்த பாடகி ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாட்டில் ஓடும் டிரம்ஸோ ஆப்பிள் கம்ப்யூட்டரோடு சும்மா வரும் கராஜ்பேண்ட் மென்பொருளில் கிடந்த லூப். அந்தப் பாட்டைச் செய்தவர்கள் கிக் ஃபோல்டரைத் திறந்திருந்தால் அந்த வருடம் தப்பித்திருக்கும்.

இவ்வளவு செய்தும் எப்போதாவது பழைய ஞாபகம் வந்து வாட்டும். 'அப்ப போட்ட பாட்டுல ஒரு இது இருந்துச்சு, இப்ப இல்ல' என்று தோன்றும். அதற்கும் மருந்து விற்கிறார்கள். டேப்பின் இரைச்சல், தட்டின் கீறல், சுருதி லேசாக ஆடுவது எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் பிளக்இன்கள் இருக்கின்றன. தாளத்தை லேசாகத் தவற வைக்க 'ஹியூமனைஸ்' என்று ஒரு பட்டன் உண்டு. இரண்டு வருடம் பாடுபட்டு ஒழித்த பிழைகளைச் சதவீதக் கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 12 சதவீதம் தூசி, 8 சதவீதம் தடுமாற்றம். பழைய புராஜெக்டுகளைத் திறந்து பார்ப்பதை மட்டும் தவிர். நியாயமாகச் சொன்னால் அவற்றில் முக்கால்வாசி தாங்க முடியாத குப்பைதான், கற்றுக்குட்டிக் காலத்தைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிரச்சினை மீதிக் கால்வாசி. அதில் ஒன்று, தப்பான சுரமும் பிளந்த மிக்ஸுமாக, கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லும். அந்த மாதிரி நேரத்தில் உடனே ஈக்யூ போட்டுச் சரிசெய்ய ஆரம்பித்துவிடு. ஒரு மணி நேரத்தில் அதுவும் சாதுவாகிவிடும்.

வேலையை இசை தெரிந்தவர்களுக்கு மட்டுமே போட்டுக் காட்டு. 'லோ எண்டு டைட்டா இருக்கு மச்சி, ஸ்னேர்ல ஒரு டிபி குறைக்கலாம்' என்பார்கள். பாட்டு பிடித்ததா என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், நீயும் கேட்க மாட்டாய். அத்தையிடம் போட்டுக் காட்டினால் 'பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?' என்று கேட்டுவிடுவார். இசை ஞானம் இல்லாதவர்கள் இப்படித்தான்.

கெடு வைத்து வேலை தரும் யாரிடமும் சிக்காதே. வெள்ளிக்கிழமை ரிலீஸ், புதன்கிழமைக்குள் பின்னணி இசை வேண்டும் என்று நிற்கும் குறும்பட டைரக்டர் ஒருவன் போதும், உன் இரண்டு வருடப் பயிற்சியும் பாழ்.

தப்பித்தவறி ஒரு பாட்டு முடிந்துவிட்டால் பதறாதே, எக்ஸ்போர்ட் செய்யவும் அவசரப்படாதே. ஸ்பாட்டிஃபை பொதுவாகப் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸ் என்ற சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும், நீ தலைகீழாக நின்று சத்தம் ஏற்றினாலும் அவர்கள் இறக்கிவிடுவார்கள். இருந்தாலும் அந்த அளவை நீயே ஒரு வாரம் அளந்துகொண்டிரு. ஹெட்போனில் கேள், போன் ஸ்பீக்கரில் கேள், மாமாவின் காரில் கேள். மூன்றிலும் மூன்று மாதிரி இருக்கும், கட்டாயம் இருக்கும். காரில் கிக் கொஞ்சம் அமுங்கின மாதிரிப் பட்டால் வீட்டுக்கு வந்து ஃபோல்டரைத் திற.