ரெண்டு நிமிசக்காரர்

கோவையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள், இவரைத் தெரியும் என்பார்கள். வயது நாற்பத்தைந்துக்கு மேல். சட்டைப்பையில் பேனா, கையில் போன், முகத்தில் அவசரம். பம்ப்செட் பட்டறையிலோ பனியன் கம்பெனியிலோ பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது சொந்தமாக மரச்செக்கு எண்ணெய் தொடங்கியிருப்பார். செக்கு வாங்கியாயிற்று, கடலை வாங்கியாயிற்று, பாட்டில் வந்தாயிற்று, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணும் கிடைத்தாயிற்று. பாக்கி ஸ்டிக்கர் ஒன்றுதான். காலையில் திறப்பு விழா. முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு வருவார்.

"தம்பி, டிசைன் எல்லாம் ரெடி. பேக்ரவுண்டை மட்டும் தூக்கிட்டாப் போதும். ரெண்டு நிமிச வேலைதானுங்."

இதே மனிதர் தன் எண்ணெயைப் பற்றிக் கேட்பவர்களிடம் எப்படிப் பேசுவார் தெரியுமா? "நல்ல எண்ணெய்ன்னா மெதுவாத்தானுங் ஆட்டோணும். அவசரப்பட்டா சூடாயிரும், சத்துப் போயிரும்." பொறுமையைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவர். அந்தப் பொறுமை முழுவதும் செக்கோடு முடிந்துவிடும்.

'டிசைன் ரெடி' என்று அவர் சொல்வது என்ன என்பது போனைத் திறந்தால் தெரியும். யாரோ அடித்துக் கொடுத்த விசிட்டிங் கார்டை டீக்கடை மேசையில் வைத்துப் படம் எடுத்திருப்பார். அட்டையைப் பிடித்த கட்டைவிரலும் லோகோவின் ஒரு மூலையில் இருக்கும். "இதைத் தெளிவா அனுப்ப முடியுங்ளாண்ணா?" என்று டிசைனர் தம்பி கேட்டால் உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி ஜேபெக்காக மாறும். 1992ல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக்கில் வெறுமைக்கு இடமே கிடையாது. பின்னணி இல்லாத படத்தைக் கொடுத்தாலும் அங்கே வெள்ளையையோ கறுப்பையோ பூசிவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். தம்பி இதைச் சொன்னதும் அவர் தலையாட்டுவார். தலையாட்டிக்கொண்டே இன்னொரு முறை படமாகவே அனுப்புவார்.

அடுத்த முயற்சியில் அவரே கூகுளில் இறங்குவார். பின்னணி இல்லாத படம் வேண்டுமென்றால் 'பிஎன்ஜி' என்று யாரோ ஒருவர் அவரிடம் சொல்லியிருப்பார். தேடி, சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பின்னணியில் ஒரு செக்குப் படத்தைப் பிடித்துவிடுவார். "பாருங் தம்பி, கட்டம் இருக்குது. அப்ப ட்ரான்ஸ்பரண்ட்தானுங்?" அந்தக் கட்டம் போட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் 'இங்கே ஒன்றுமில்லை' என்று திரையில் காட்டுகிற அடையாளம். உண்மையான பிஎன்ஜியில் அது அச்சாகாது. இவர் இறக்கிய கோப்பிலோ கட்டத்தையே யாரோ படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அடித்தால் செக்கு, கட்டம் போட்ட லுங்கி கட்டிக்கொண்டு பாட்டிலில் நிற்கும்.

நியாயமாகப் பார்த்தால் இந்த 'ஒன்றுமில்லை'க்கு மரியாதை பெரிது. 1970களின் கடைசியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தவிர நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். வழக்கமான கோப்பில் அது 0 என்றால் அங்கே ஒன்றும் தெரியாது, 255 என்றால் முழுதாகத் தெரியும். ஆல்பா சேனல் என்று பெயர். 1996ல் ஆஸ்கர் அகாதமி, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இந்த வேலைக்காக அவர்களுக்கும் வேறு இருவருக்கும் தொழில்நுட்ப விருது கொடுத்தது. பிஎன்ஜி வடிவம் முறையாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஆஸ்கர் வாங்கிய வேலைக்குத்தான் நம்மவர், "இதுக்கெல்லாமா தம்பி காசு?" என்கிறார்.

இனித்தான் தாத்தா வருவார். லேபிளில் தாத்தா படம் இல்லாமல் மரச்செக்கு எண்ணெய் விற்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு, நரைத்த மீசை. இத்தனை வெள்ளையோடு தாத்தா நிற்பது சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால். "அந்த வெள்ளையை மட்டும் எடுத்துருங் தம்பி" என்று விரலால் தொட்டுக் காட்டுவார். மென்பொருளின் மேஜிக் வாண்ட் கருவிக்குச் சுவர் எது, வேட்டி எது என்று தெரியாது. ஒரு சொடுக்கில் இரண்டும் போய்விடும். எஞ்சுவது ஒரு தலை, இரண்டு கை, இரண்டு பாதம்.

"என்ற மருமகன் போன்லயே ஒரு தட்டுத் தட்டி எடுத்துருவானுங்" என்று அப்போது வாய்விடுவார். அதுவும் பொய்யில்லை. ஏஐ இப்போது முடிக்கற்றையைக்கூடப் பிரிக்கிறது. போன் திரையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் சின்னப் படம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 600 புள்ளி அகலமுள்ள படம் 2 அங்குல ஸ்டிக்கருக்குச் சரியாக இருக்கும். அதையே குட்டி யானை வண்டியின் பின்கதவுக்கு 2 அடியில் கேட்பார். அங்குலத்துக்கு 25 புள்ளிதான் தேறும். பார்க்கிறவருக்குத் தாத்தாவா, செங்கல் சுவரா என்று சந்தேகம் வரும். ஆகவே தம்பி பென் டூலை எடுத்து, வேட்டியின் கரையிலிருந்து மீசை நுனிவரை கையாலேயே கோடு இழுப்பார். முடிந்ததும் அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு லேயர் வைத்துப் பார்ப்பார். வெட்டாமல் விட்ட சுண்ணாம்புத் துணுக்கெல்லாம் அதில்தான் அகப்படும். நம்மவர் எட்டிப் பார்த்துவிட்டு அலறுவார்: "தாத்தாவுக்கு எதுக்குங் தம்பி ரோஸ் கலரு?"

அதன்பின் ஆசைகள் ஒவ்வொன்றாக வரும். "சுத்தி ஒரு க்ளோ போடுங். கீழ கொஞ்சம் ஷேடோ." நிழல் என்பது பாதி தெரிந்து பாதி தெரியாத புள்ளிகள். வினைலை வெட்டும் பிளாட்டருக்குப் பாதி என்று ஒன்று கிடையாது; கத்தி வெட்டும், அல்லது வெட்டாது. நிழலைக் கொடுத்தால் ஓரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி ஒரு வளையம் வந்து நிற்கும். இதனால்தான் தம்பி உருவத்தைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெள்ளைக் கரை விட்டு, அதன்மேல் வெட்டுக்கோடு போடுகிறார். மீசை நுனியோடு ஒட்ட வெட்டினால் முதலில் உரிந்துவருவதும் அந்த மீசைதான். நம்மவருக்கு அந்தக் கரை கண்ணை உறுத்தும். "பேக்ரவுண்டை எடுக்கச் சொன்னா நீங்க புதுசா ஒண்ணு போட்டிருக்கீங்க?"

உச்சக்கட்டம், ஸ்டிக்கரே ட்ரான்ஸ்பரண்டாக வேண்டும் என்பது. வெளிநாட்டு பாட்டிலில் பார்த்தாராம், எழுத்து மட்டும் கண்ணாடியில் மிதந்ததாம். தம்பி பொறுமையாகச் சொல்வார்: "நம்ம பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாதுங்ணா. காகிதத்தோட வெள்ளைதான் வெள்ளை. கண்ணாடி வினைல்ல அடிச்சா வெள்ளை எழுத்து காணாமப் போயிரும். பின்னால கடலெண்ணெய் மஞ்சளா இருக்கும், நீலம் பச்சையடிக்கும். வெள்ளை மை இருக்கற மிசின்ல அடியில ஒரு வெள்ளை லேயர் தனியாப் போட்டு அடிக்கோணும்." அவர் யோசிப்பார். தாத்தாவின் வேட்டி இரண்டாவது முறையாகக் காணாமல் போகப்போகிறது என்பது மெல்ல உறைக்கும். "செரி, வெள்ளை வினைல்லயே அடிச்சுருங்."

புரூஃப் தயாரானதும் குடும்ப குரூப்புக்குப் போகும். சிங்கப்பூர் மச்சான் தாத்தாவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொல்வார். அக்கா, தாத்தாவைச் சிரிக்க வைக்க முடியுமா என்பார். மருமகன் கிளிப்பச்சையில் எழுத்து கேட்பான். திரையில் ஒளிரும் அந்தப் பச்சை நான்கு மை அச்சில் மங்கித்தான் வரும் என்று தம்பி சொன்னால், மை சரியில்லை என்று பதில் வரும்.

இரவு கடை சாத்தும் நேரத்தில் ஸ்டிக்கர் கைக்கு வரும். உண்மையிலேயே நன்றாக இருக்கும். தாத்தா வேட்டியோடு, மீசையோடு, சுவர் இல்லாமல் நிற்பார். நம்மவர் தடவித் தடவிப் பார்த்து மகிழ்வார். பிறகு பில்லைப் பார்ப்பார். பிரிண்டுக்குக் கொடுப்பார், கட்டிங்குக்குக் கொடுப்பார், லேமினேஷனுக்குக்கூட முனகாமல் கொடுப்பார். 'டிசைன் சார்ஜ்' என்ற வரியில் விரல் நிற்கும். "இது எதுக்குங் தம்பி? நீங்க எதையும் புதுசாப் போடலியே, இருந்ததை எடுத்துத்தானே விட்டீங்க?"

தம்பிக்கு இதற்குப் பதில் தெரியும். சொன்னால் நாளைக்குக் குட்டி யானை ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும் என்பதும் தெரியும். சிரித்துக்கொண்டே பாதியைக் குறைப்பார்.

இதைப் படிக்கும் நீங்களும் ஒருநாள் ஏதாவது ஒரு ஸ்டிக்கருக்காக அந்தக் கடைப்படி ஏறத்தான் போகிறீர்கள். லோகோ வரைந்தவரிடமிருந்து மூலக்கோப்பை வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்புங்கள். தாத்தாவைப் படம் எடுப்பதாயிருந்தால் வண்ணச் சுவர் பார்த்து நிறுத்துங்கள். விழாவுக்கு முந்தின நாள் போகாமல், முந்தின வாரம் போங்கள். டிசைன் சார்ஜைக் குறைக்காமல் கொடுங்கள். மற்றதையெல்லாம் மிசின் செய்தது; அந்த ஒன்றைத்தான் ஆள் உட்கார்ந்து செய்தார்.