பால் பத்தலையா, மாமி சொன்னால் சரிதான்

மந்தைவெளியில் பாலூட்டல் ஆலோசகர் ஆவதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. பிரசவ வீட்டின் படியேறத் தெரிந்தால் போதும். செருப்பைக் கழற்றும்போதே, "என்னடி, பால் பத்தலையா? குழந்தை இப்படிக் கத்தறதே!" என்று கேட்டுவிட்டால் பட்டம் கையில். மேல்மாடி மாமி, எதிர் ஃபிளாட் அக்கா, ஊரிலிருந்து வந்த சித்தி, வாட்ஸாப்பில் துபாய் நாத்தனார் என்று பேட்டை முழுக்க சீனியர் கன்சல்டன்ட்கள். வாயைத் திறக்க உரிமை இல்லாதவள் அந்தப் பச்சை உடம்புக்காரி ஒருத்திதான்.

மாமிகளையாவது மன்னித்துவிடலாம். கையில் பூண்டுக் குழம்போடு வருகிறார்கள். பெரிய ஆலோசகர்கள் இருக்குமிடம் ஆஸ்பத்திரி. எங்கள் தெருப் பெண்ணுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன். தாய் ஒரு அறையில், குழந்தை கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு அறையில். பொழுது சாய்ந்ததும் நர்ஸம்மா வந்தார். மார்பை ஒரு பிதுக்குப் பிதுக்கினார். "பால் வரலைம்மா. உங்க வீட்டுக்காரரைப் பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க." எங்கே வாங்குவது? கீழே அவர்கள் ஃபார்மஸியிலேயே இருக்கிறது. என்ன முன்யோசனை!

முதல் நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அன்றைய குழந்தைக்கு வேளைக்கு ஒரு டீஸ்பூனே தாராளம். பால் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் சற்றுத் தள்ளிப்போகும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும். எல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் புரட்ட நேரம் ஏது? பவுடர் குடித்து வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடுவதில்லை. சப்பாத மார்பில் பால் ஊறாது. ஊறாததால் இன்னொரு டப்பா. முதல் நாள் நர்ஸம்மா சொன்ன ஜோசியம் பத்தாம் நாள் பலித்தே விடுகிறது.

பவுடரே ஆகாது என்று சொல்ல வரவில்லை. அது நிஜமாகவே தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அவர்களுக்கு அது மருந்து. மருந்தை நவராத்திரிச் சுண்டல் மாதிரி விநியோகம் பண்ணுவதைத்தான் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் என்று மார் தட்டுகிறோம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று இன்னொன்றும் சொல்கிறது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 60. மீதி 40 பேர் காட்டிலா பிறந்தார்கள்? டாக்டர் கண்ணெதிரே, ஏ.சி. அறையில்தானே!

சட்டம் இல்லாமல் இல்லை. 1992-லேயே வந்துவிட்டது. பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது, டாக்டருக்குப் பரிசு கூடாது, டப்பாவின் மேல் குழந்தைப் படம்கூடக் கூடாது. 2003-ல் திருத்தி இரண்டு வயது வரைக்குமான உணவுகளையும் சேர்த்துக் கட்டினார்கள். மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம்! நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு நடத்துகிற பவுடர் கம்பெனிக்காரனுக்கு அது ஒரு மேஜையின் காபிச் செலவு.

2015 ஆகஸ்டில் ஜெயலலிதா பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகப் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். நல்ல காரியம். ஆனால் நாம் திறப்பு விழாவில் கெட்டிக்காரர்கள். மறுநாள் சாவி யாரிடம் என்பதில்தான் தகராறு. பல ஊர்களில் அறை பூட்டிக் கிடப்பதாகப் பத்திரிகைகள் எழுதி ஓய்ந்தன. இன்னொரு பக்கம், 2024-ல் நம் மாதவரத்திலேயே ஒரு கடைக்காரர் தாய்ப்பாலைப் பாட்டிலில் அடைத்து, 50 மில்லி 500 ரூபாய் என்று விற்று மாட்டினார். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கியில் தாய்மார் தானமாகக் கொடுக்கிற பொருளுக்கு அவர் லிட்டர் பத்தாயிரம் என்று விலை வைத்துக் காட்டினார்.

சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தருக்கு உமாதேவி பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள். அந்தப் பிள்ளையை மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் வருஷா வருஷம் கும்பிடுகிறோம். அதே காட்சி இன்று தெப்பக்குளப் படியில் நடந்தால்? "மூணு வயசாச்சு, இன்னுமா பால் மறக்கடிக்கலை?" என்று நாலு பேர் அம்பாளையே உட்காரவைத்துக் கேட்பார்கள்.

இத்தனைக்கும் நடுவே முறையாகப் படித்த பாலூட்டல் ஆலோசகர் என்று ஒரு ஜாதி இருக்கிறது. 1985-லிருந்து சர்வதேசத் தேர்வு நடக்கிறது. பாலூட்டல் பாடம் மட்டும் 95 மணி நேரம், அதற்கு மேல் தாயும் சேயுமாக நேரில் பார்த்துப் பழகிய நூற்றுக்கணக்கான மணி நேரம். ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதியைப் புதுப்பிக்கவும் வேண்டும். மேல்மாடி மாமிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

சிசேரியன் ஆன எங்கள் தெருப் பெண்ணின் வீட்டுக்கு அப்படி ஒரு அம்மா வந்தார். முதல் காரியமாக எல்லோரையும் அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். மாமியார் முகம் கறுத்தது. தரையில் உட்கார்ந்து, ஒரு முழு வேளைப் பாலூட்டலைப் பேசாமல் பார்த்தார். குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போகும்படி சேர்த்துவிட்டார். மளமளவென்று சப்பி விழுங்கும் சத்தம் கேட்டது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறது என்று எண்ணச் சொன்னார். குழந்தையின் எடையைப் பார்த்துப் பார்த்துப் பவுடரைக் குறைக்க ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒன்றரை மணி நேர வேலை.

"எல்லாம் நான் வெச்ச பூண்டுக் குழம்பு" என்றார் மாமியார்.

ஆஸ்பத்திரி பில்லில் 'இதர செலவுகள்' என்ற வரிக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கார்டைத் தேய்த்த வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார்.

"மேடம், நீங்க ஒரு ஊசிகூடப் போடலையே. சும்மா பார்த்துட்டுத்தானே இருந்தீங்க. கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கங்களேன்."