டிஸ்க் சத்தம் போட்ட காலம்

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் இரவு பேக்கப் விடியும்வரை இழுத்துக்கொண்டிருந்தால், சர்வர் அறைக் கதவைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்கும்; முகப்பு விளக்கு அணையவே அணையாது. வெளியே பில் போடுகிறவர்கள், "சார், சிஸ்டம் தொங்கிடுச்சு" என்பார்கள். பார்த்தால் சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆனாலும் லோட் ஆவரேஜ் எகிறியிருக்கும். டிஸ்குக்காகக் காத்து நிற்கும் நிரல்களையும் லினக்ஸ் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறது.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று வர 8.3 மில்லிசெகண்ட் ஆகும். படிக்கும் தலை உரிய தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தகவல் அதன் அடியில் வந்து சேர வேண்டும். சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு ஏறக்குறைய நூறு முறை எடுத்தாலே பெரிது. பேக்கப் ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒற்றை பில் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும்.

2005-இல் வந்த 2.6.13 லினக்ஸ் கர்னலில், நிரல்களுக்கு டிஸ்க் முன்னுரிமை கொடுக்கும் ஐயோநைஸ் கட்டளைக்கான வசதி சேர்ந்தது. பேக்கப்பை 'ஐடில்' வகுப்பில் ஓட விட்டால், வேறு யாரும் கேட்காத நேரத்தில் மட்டுமே அது டிஸ்கைத் தொடும். பேக்கப் தாமதமாக முடிந்தது. பில் நிற்காமல் போனது. பணம் செலவழிக்காமல் கிடைத்த அந்த நிம்மதியை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன்.

இன்று என் மேசையில் இருப்பது எஸ்எஸ்டி. நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கிறது, சத்தமே இல்லை. இதே கட்டளையை இதில் கொடுத்தால் பிழை எதுவும் வராது, பல நேரம் பலனும் இராது. என்விஎம்இ டிஸ்குகளுக்குப் பல லினக்ஸ்களில் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலரே வைப்பதில்லை, முன்னுரிமையைப் பார்க்க அங்கே ஆளில்லை.

தேக்கம் மட்டும் போகவில்லை. பென் டிரைவில் ஒரு பெரிய வீடியோவை நகலெடுத்துப் பாருங்கள். லினக்ஸ் அதை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்கிறது. வழக்கமான வரம்பு, கிடைக்கும் மெமரியில் 20 சதவீதம். 16 ஜிபி கணினியில் அது 3 ஜிபி அளவுக்குப் போகலாம். நொடிக்கு 10 எம்பி எழுதும் பென் டிரைவ் அதை இறக்கி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் எழுத வரும் வேறு நிரல்களும் மாட்டிக்கொள்ளலாம். வேகம் வேண்டும் என்று மெமரியைக் கூட்டக் கூட்ட, இந்தத் தேக்கமும் பெருகுகிறது.

கணினி மந்தமானதும் "ரேம் போடணும் சார்" என்று வரும் இளைஞர்களிடம் முதலில் விஎம்ஸ்டாட்டை ஓட்டி, 'பி' என்ற பத்தியைப் பார்க்கச் சொல்கிறேன். காத்து நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே இருக்கும். யார் டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஐயோடாப் காட்டும். வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

என் கணினியில் மெமரிக்கான அந்த 20 சதவீத வரம்பை எடுத்துவிட்டு, டர்ட்டி பைட்ஸ் அமைப்பில் 200 எம்பி என்று வரம்பு போட்டிருக்கிறேன். பென் டிரைவில் வீடியோ ஏறும் நேரம் குறையவில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் கடிதம் தட்டச்சு செய்ய முடிகிறது.