நாலு சில்லுகளுக்கு வதிவிட உரிமை கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
ரயர் அமுக்க எச்சரிக்கை விளக்குக்குப் பொறுப்பான மேலதிகாரி அவர்கள்,
ஒரு பெரிய கார்க் கொம்பனி.

(கொம்பனியின் பெயரை வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறேன். உங்கள் சென்சரைப் போலன்றி இந்தக் கடிதம் எல்லா மொடலுக்கும் பொருந்தும்.)

பெருமதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

மொன்றியலில் குளிர்காலம் எப்போது தொடங்குகிறது என்று வானத்தைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. சட்டமே சொல்லிவிடுகிறது: டிசம்பர் 1. அன்றிலிருந்து மார்ச் 15 வரை கியூபெக்கில் பதிவான கார் எதுவும் வின்ரர் ரயர் இல்லாமல் வீதியில் இறங்கக் கூடாது. மீறினால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். 2008இல் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது தொடக்க நாள் டிசம்பர் 15ஆக இருந்தது. 2019இல் இரண்டு கிழமை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். இதையெல்லாம் நாங்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டோம். ஏழு பாகைக்குக் கீழே போனால் சமர் ரயரின் றப்பர் இறுகிப் பிடிமானம் இழந்துவிடும் என்பது விளங்கக்கூடிய நியாயம்தானே. ஆகவே வசதியுள்ளவர்கள் இன்னொரு செட் றிம் வாங்கி, வின்ரர் ரயரை அதிலேயே நிரந்தரமாக ஏற்றி, வருடத்தில் பாதியைக் காரிலும் பாதியைப் பேஸ்மென்ரிலும் கழிக்க விடுகிறார்கள்.

சட்டத்துக்குத் திருப்தி. காப்புறுதிக்காரருக்குத் திருப்தி. திருப்தியில்லாதவர் தாங்கள் ஒருவர்தான்.

சில்லு நாலும் மாற்றி, கராஜை விட்டு வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் உங்கள் மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்குகிறது. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டுப் பிறகு அசையாமல் எரிகிறது. சிமிட்டாமல் நேரே எரிந்தால் காற்றுக் குறைவு என்று பொருள். சிமிட்டிவிட்டு எரிந்தால் முறைப்பாடு வேறு: இந்த நாலு பேரையும் எனக்குத் தெரியாது. காற்று கச்சிதமாக 33 இறாத்தல் இருக்கலாம், ரயர் கடைக்காரனின் ஸ்ரிக்கர்கூட உரியாத புதுசாக இருக்கலாம். அதைப் பற்றி விளக்குக்கு அக்கறையில்லை. பதிவு எங்கே?

ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சர் இருக்கிறது. ஒவ்வொரு சென்சருக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஒரு தனி இலக்கம். சில்லு உருளும்போது அது தன் இலக்கத்தையும் உள்ளே இருக்கும் அமுக்கத்தையும் வானொலி அலையில் கத்திக்கொண்டே போகிறது. காரின் கணினியோ தன் குறிப்பேட்டில் இருக்கும் நாலு இலக்கங்களின் குரலை மட்டும்தான் கேட்கும். ஐயா, கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்குவதற்குப் பொலிசில் பதிய ஓடித்திரிந்த சனம் நாங்கள். வீட்டுக்காரருக்கு எங்களைத் தெரியும், முன்வீட்டுக்காரருக்குத் தெரியும், மூலைக் கடை முதலாளிக்குக் கடன்கொப்பியோடு தெரியும். படிவத்தில் பெயர் இல்லையென்றால் நாங்கள் அங்கே இல்லை. அந்தப் படிவத்திலிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்த பிறகு, இங்கே சில்லுக்குப் படிவம். ஏப்ரலில் சமர் சில்லுகள் திரும்பி வரும்போது நிலைமை இன்னும் மோசம். அவை அந்த வீட்டிலேயே பிறந்தவை, காரோடு உங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. வின்ரர் செட்டைப் பதியும்போது அவற்றின் பெயரை அடித்துவிட்டார்கள். சொந்த வீட்டு வாசலில் நின்று அவையும் புதிதாகப் பதிய வேண்டும்.

பழி முழுவதையும் தங்கள் தலையில் போட நான் தயாரில்லை. இந்த விளக்கின் பிறப்பு துயரமானது. அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் ஓட்டத்திலேயே மேற்பட்டை உரிந்து, வண்டிகள் குடைசாய்ந்தன. 270 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. ரெக்சாஸ், அரிசோனா, புளோரிடா போன்ற வெக்கை மாநிலங்களில்தான் சேதம் அதிகம்: சுடுவீதி, வேகம், பாரம், குறைந்த காற்று எல்லாம் ஒன்றுசேர்ந்த இடங்கள். 2000 ஓகஸ்டில் 65 லட்சம் ரயர்களைத் திருப்பி அழைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கிளின்டன் ஒப்பமிட்ட சட்டம், ரயரில் காற்று குறைந்தால் சாரதிக்கு அறிவிக்கும் ஒரு கருவி வேண்டும் என்றது. முதலில் எழுதிய விதியில் ஓட்டை இருக்கிறது என்று நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட, 2003இல் நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. 2005இல் வந்த விதிதான் நிலைத்தது: கதவோர ஒட்டியில் எழுதிய அளவிலிருந்து கால்வாசி குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 2007 செப்டெம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் அது கட்டாயம்.

இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உயிர்காக்கும் விளக்கு. ஆனால் கனடா அரசாங்கம் இதை எங்களுக்குக் கட்டாயமாக்கவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்கென்று கட்டிய காரையே இந்தப் பக்கமும் அனுப்புவது தங்களுக்கு வசதி. அப்படித்தான் ரெக்சாஸ் வெயிலில் பிறந்த விளக்கு மொன்றியல் பனிக்குள் வேலைக்கு வந்து சேர்ந்தது. வெயிலுக்காக விதி எழுதியவர்கள், வருடத்தில் இருமுறை சில்லு மாற்றும் சாதி ஒன்று பூமியில் உண்டு என்று நினைத்துப் பார்க்காதது மன்னிக்கக்கூடியது. எங்களுக்குக் கார் விற்கும் தாங்கள் நினைக்காததுதான் விளங்கவில்லை.

குளிரின் கணக்கை ஒருமுறை சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். ஏறத்தாழ ஆறு பாகை குளிர்ந்தால் ஓர் இறாத்தல் இறங்கும். இருபது பாகைச் சூட்டில் கராஜுக்குள் 33 இறாத்தல் அடித்த ரயர், சனவரி விடியலில் சைபருக்குக் கீழே இருபதில் நிற்கும்போது ஒரு துளையும் இல்லாமலே இருபத்தாறு சொச்சத்துக்கு வந்துவிடும். கால்வாசி என்ற கோட்டுக்கு இன்னும் ஒன்றரை இறாத்தல்தான் மிச்சம். மாதக்கணக்கில் கசியும் கசிவு அதை முடித்துவைக்கும். விடிய எழும்பி, பனி வழித்து, காரை முடுக்கினால் விளக்கு. அரை மணித்தியாலம் ஓடி ரயர் சூடேறியதும் விளக்கு அணைந்துவிடும். இந்த எச்சரிக்கை உண்மையானது, பயனுள்ளது. அந்த நேரத்தில் காற்றுக் கொஞ்சம் அடிக்கத்தான் வேண்டும். அவலம் என்னவென்றால், பதிவில்லாத வின்ரர் சில்லு பூட்டிய கார்களில் இந்த உண்மையைச் சொல்ல விளக்குக்கு வாய் இல்லை. அது நவம்பரிலிருந்தே வேறு விடயத்துக்காக எரிந்துகொண்டிருக்கிறது. ரயரில் காற்று அதிகம் இறங்கும் மாதங்களில், காற்று இறங்கியதைச் சொல்லவென்று வைத்த விளக்கை யாரும் பார்ப்பதில்லை.

“லைற் எரியட்டும் அண்ணை, கார் ஓடும்” என்று எங்கள் கராஜ் தம்பிமார் ஆறுதல் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒரு பாதுகாப்புக் கருவியைப் பற்றி இதைவிட மோசமான சான்றிதழ் கிடைக்காது.

பதிந்துவிட்டால் தீருமே என்பீர்கள். எப்படிப் பதிவது? ஒரு மொடலில் சும்மா ஓடினால் போதும், கார் தானாகப் பழகிக்கொள்ளும். இன்னொன்றில் சாவியைத் திருகி, பட்டனை அழுத்தி, ஹோர்ன் அடித்ததும் இறங்கி, முன் இடது சில்லில் தொடங்கி முன் வலது, பின் வலது, பின் இடது என்று காரை வலம் வர வேண்டும். ஒவ்வொரு சில்லிலும் பதிவுக் கருவியைக் காட்ட ஒவ்வொரு முறை ஹோர்ன் அருள்பாலிக்கும். வேறொன்றில் இதெல்லாம் எடுபடாது. ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளக்கில் கருவி கொழுவித்தான் இலக்கங்களை எழுத வேண்டும். கருவி கராஜில் இருக்கிறது. கராஜ் நவம்பர் முழுக்க முன்பதிவில் இருக்கிறது. ஜேர்மனியில் மலிவு என்று சித்தப்பா மகன் ஒரு செட் சென்சர் கொண்டுவந்தால் அதற்கும் வழியில்லை: ஐரோப்பாவில் அவை 433 மெகாஹேட்ஸில் பேசுகின்றன, இங்கே பல கார்களுக்கு 315தான் காது கேட்கும்.

சென்சரே வேண்டாம் என்று, சில்லு சுற்றும் வேகத்தை ஏபிஎஸ் மூலம் கணக்கிட்டுக் காற்றை ஊகிக்கும் கார்களும் உண்டு. காற்று இறங்கிய சில்லு கொஞ்சம் சின்னதாகி வேகமாகச் சுற்றும் என்பது அதன் தத்துவம். அங்கே சில்லு மாற்றியதும் ஒரு பட்டன்தான். அந்த நேரம் ரயரில் என்ன காற்று இருக்கிறதோ அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும். எவரும் கேள்வி கேட்காத சத்தியக் கடதாசி. ஆனாலும் படிவத்தைவிடச் சத்தியக் கடதாசி எவ்வளவோ மேல்.

சென்சரின் ஆயுள் பற்றியும் ஒரு வார்த்தை. பற்றரி ஐந்திலிருந்து பத்து வருடம் போகும். போனபின் பற்றரியை மாற்ற முடியாது; பிசின் ஊற்றி மூடியிருக்கிறீர்கள். சென்சரையே மாற்ற வேண்டும், அதற்காக ரயரை றிம்மிலிருந்து கழற்ற வேண்டும், பிறகு மறுபடி பதிவு. அலுமினிய வால்வுத் தண்டுக்குள் தெரியாமல் பித்தளை ஊசியைப் போட்டால், எங்கள் வீதிகளில் கொட்டும் உப்பு இரண்டையும் சேர்த்து அரித்து ஒட்டிவிடும். நிக்கல் பூசிய ஊசிதான் போட வேண்டும் என்று தெரிந்த கராஜ்காரரைக் கும்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அல்லாவிட்டால் காற்றுப் பார்க்கப் போன இடத்தில் தண்டு முறிந்து, இருந்த காற்றும் போய்விடும்.

இந்த நிலையில் சனம் என்ன செய்கிறது தெரியுமா? கறுப்பு ரேப் துண்டு ஒன்றை விளக்கின் மேல் ஒட்டுகிறது. அது பாமரர் வழி. இணையத்தில் படித்தவர்கள் பீவீசீ குழாய் ஒன்றுக்குள் சமர் சென்சர் நாலையும் போட்டு அடைத்து, காற்றடித்து, டிக்கிக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். சில மொடல்கள் இதை அப்படியே நம்புகின்றன. வீதியைத் தொடும் ரயர் எக்கேடு கெட்டாலும் குழாய்க்குள் காற்று பிரமாதம், கணினிக்கு மனநிறைவு. மூன்றாவது வழி, கராஜ்களே செய்துதருவது: சமர் சென்சரின் இலக்கத்தை வின்ரர் சென்சருக்குள் நகல் எடுப்பது. காருக்கு ஆள் மாறியது தெரியாது, விளக்கும் எரியாது, அமுக்கமும் உண்மையாகத் தெரியும். மூன்றிலும் நேர்மையானதும் பாதுகாப்பானதும் இந்தக் கள்ள அடையாள அட்டைதான் என்பதைத் தங்கள் பொறியியலாளர்களுக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு இந்த நியாயத்தை விளங்கப்படுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

எல்லை தாண்டி அமெரிக்காவில் வேடிக்கை வேறு. வேலை செய்யும் இந்தத் தொகுதியைத் தெரிந்துகொண்டே முடக்குவது அங்கே கராஜுக்குக் குற்றம். ஆகவே சென்சர் இல்லாத வின்ரர் சில்லைப் பூட்டித்தரக் கராஜ்கள் தயங்கும். அதையே சொந்தக்காரர் தன் வீட்டு முற்றத்தில், பனிக்குள் ஜாக் அடித்துப் பூட்டினால் அந்தச் சட்டம் அவரைத் தொடாது. தொழில் தெரிந்தவன் செய்தால் குற்றம், தெரியாதவன் செய்தால் உரிமை.

இவ்வளவு கறாரான பதிவுமுறை உள்ளே ஆளைச் சரிபார்க்குமா என்றால், 2010இல் அமெரிக்காவின் ரட்கேர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். சென்சர் பேசுவதை 40 மீற்றர் தூரத்திலிருந்தும் ஒட்டுக்கேட்க முடிந்தது. பக்கத்தில் ஓடும் காரிலிருந்து பொய்ச் சேதி அனுப்பி எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கவும் முடிந்தது. பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. பக்கத்து லேனில் வரும் ஆராய்ச்சி மாணவன் ஓர் அன்ரெனாவோடு தங்கள் கணினியை நம்பவைத்துவிடலாம். பதிவுப் பத்திரமும் காப்புறுதியும் மாதத் தவணைச் சீட்டும் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரரால் தன் சொந்தச் சில்லு நாலையும் அதனிடம் அறிமுகம் செய்துவைக்க முடியாது.

கேட்பது பெரிதில்லை. இரண்டு செட் இலக்கங்களை ஒரேநேரத்தில் நினைவில் வைத்திருக்கும் கார்களும் இருக்கின்றன. பட்டன் ஒன்றைத் தட்டினால் சமர், வின்ரர் என்று மாறிக்கொள்ளும். தொலைபேசியை இணைத்துப் பாட்டுக் கேட்கவும், இருக்கையைச் சூடாக்கவும், வரும் கிழமை வானிலை சொல்லவும் இடமிருக்கும் கணினியில் இன்னும் நாலு இலக்கம் எழுத இடமில்லை என்று எவரும் நம்பப்போவதில்லை. அதை எல்லா மொடலிலும் வையுங்கள். பதியும் வேலையைத் திரையிலேயே, சொந்தக்காரரே செய்யக்கூடியதாக வையுங்கள். இதனால் உதிரிப்பாக வருமானம் கொஞ்சம் குறையும் என்பதை நானும் கணக்கில் எடுத்திருக்கிறேன்; தங்கள் கணக்காளரும் எடுத்திருப்பார் என்றுதான் சந்தேகம். அதுவரை, சாவிக்கொத்தில் கொழுவித் திரியும் காற்றுமானி ஒன்றை நம்பி நாங்கள் உயிர் வாழ்ந்துகொள்வோம். அதற்குப் பற்றரி இல்லை, இலக்கம் இல்லை, எந்தச் சில்லையும் யார் நீ என்று கேட்பதும் இல்லை.

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
விளக்கு எரியும் காரோட்டி,
மொன்றியல்.

பி.கு.: பதில் எழுதும்போது கையேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டாம். பார்த்தாயிற்று. தங்கள் முகவரை அணுகச் சொல்லி அதில் எழுதியிருக்கிறது. முகவரையும் அணுகியாயிற்று. அவர் கையேட்டைப் பார்க்கச் சொன்னார்.