குளியலறை வாட்டம்: ஓர் ஆய்வு

ஷவரும் குளியல் தொட்டியும் ஒரே அறையில் தட்டி, திரை எதுவுமின்றிக் குடித்தனம் நடத்த முடியுமா என்பதே இவ்வாய்வின் பொருள். முடியும் என்பது ஆய்வாளரின் முடிவு. முடியாது என்பது அவர் மனைவியின் முடிவு. வீட்டில் அமலில் இருப்பது பின்னது.

மேற்கத்திய மரபு தொட்டிக்கு மேலேயே ஷவரைப் பொருத்தி, ஓரத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டது. அத்திரை குளிப்பவரின் தொடையில் வந்து ஒட்டிக்கொள்ளும். அற்ப விஷயம் என்று தள்ள வேண்டாம். கொட்டும் துளிகள் காற்றைச் சுழல வைக்கின்றன, சுழலின் நடுவே அழுத்தம் குறைவதால் திரை உள்ளே இழுபடுகிறது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டிய மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட்டுக்கு 2001இல் இயற்பியலுக்கான இக் நோபல் கிடைத்தது. விருதுக் குறிப்பு அதைப் பகுதித் தீர்வு என்றே சொல்கிறது. மிச்சப் பகுதி இன்னும் தொடையில்தான் ஒட்டியிருக்கிறது.

ஜப்பானியர் திரைக்கே வேலை வைக்கவில்லை. அறை முழுதும் நனையலாம், கழிப்பறை தனி. தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, ஷவரில் அலசிய பிறகே 40 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெந்நீரில் கழுத்தளவு அமிழ வேண்டும். அதாவது, குளித்து முடித்தவருக்கே குளியல் தொட்டியில் அனுமதி. அதே நீரில் வீடே ஒருவர்பின் ஒருவராக இறங்கும். விருந்தாளிக்கு முதலிடம். சூடு ஆறாதிருக்க மேலே மூடி. மிஞ்சியது துணி துவைக்க. 1964 ஒலிம்பிக்கை ஒட்டி டோக்கியோவில் எழுந்த நியூ ஒட்டானி ஹோட்டலுக்குத் தோட்டோ நிறுவனம் குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்தது. பிறகு அம்முறை வீடுகளுக்கும் வந்தது. இன்று 1616 என்று கேட்டால் 160 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓர் அறை வரும்.

கள ஆய்வு டோக்கியோவில் மைத்துனர் வீட்டில் நடந்தது. விருந்தாளி என்ற தகுதியில் முதலில் இறங்கிய ஆய்வாளர், எழுந்ததும் நாகரிகம் கருதி அடைப்பைப் பிடுங்கிவிட்டார். நால்வருக்கான வெந்நீர் சுழன்று மறைந்தது. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. காலித் தொட்டியை மூடி போட்டு மூடினார்.

ஊர் திரும்பியதும் ஆய்வு சோதனைக் கட்டத்தை எட்டியது. திறந்த குளியலறையின் உயிர் ஷவரிலும் இல்லை, தொட்டியிலும் இல்லை. தரையின் வாட்டத்தில் இருக்கிறது. ஓர் அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் போதும். எங்கள் கொத்தனார் அதைவிடத் தாராளமாகவே விட்டார், கதவை நோக்கி. ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா என்றதற்கு, “முப்பது வருஷமா இந்தக் கண்ணுதான் சார் ரசமட்டம்” என்றார். முதல் நாள் ஷவர் நீர் வடிகாலைப் புறக்கணித்து, ஹாலைக் கடந்து, பீரோவுக்கு அடியில் தங்கியது. வாட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்பதை அன்று மாலை வரை ஆய்வாளரின் முகம் விளக்கிக்கொண்டிருந்தது.

ஷவர் இப்போது பூட்டப்பட்டுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, மூடி போட்டு வைக்கிறோம். அதிலிருந்து ஒரு வாளி மொண்டு, வெளியே முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிறோம். அடைப்பின் பக்கம் ஆய்வாளர் போகக் கூடாது என்பது வீட்டு உத்தரவு.